பிடிபட்ட நாளும் பணி நாள்தான்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், என்.டி.ஏ. என்ற தேசியப் பாதுகாப்பு அகாடமியின் தேர்வு எழுதிப் போர் விமானியாகத்தான் ஆவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். 2025 மே மாதச் சண்டையின்போது, நம் பெண் விமானி ஒருவர் பாகிஸ்தானிடம் சிக்கிவிட்டார் என்று சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்ததாம். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. பிடிபட்டால் அடிப்பார்களா, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், அரசாங்கம் மீட்டுத் தருமா என்று மூன்று கேள்விகளை அடுக்கியிருக்கிறார். எனக்குக் கண்ணில் பட்டது கடைசி வரிதான்: "அப்படியே திரும்பி வந்தாலும் அதுக்கப்புறம் அவளுக்கு அங்க என்ன மதிப்பு இருக்கும்?" முதல் மூன்றுக்கும் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன். அதை மனதில் வைத்துக்கொண்டே மற்றதையும் சொல்கிறேன்.

நான் விமானி அல்ல அம்மா. விமானப் படையில் சேஃப்டி எக்யூப்மென்ட் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பாராசூட் மடிப்பது, சர்வைவல் பேக் கட்டுவது, ஹெல்மெட், ஆக்சிஜன் மாஸ்க், ஜி-சூட் சரிபார்ப்பது எங்கள் வேலை. நாங்கள் கட்டிக் கொடுத்தது யாருக்கும் தேவைப்படாமல் விமானம் தரையிறங்கினால் அது எங்களுக்கு நல்ல நாள். இப்போது திருநகரில் இருந்துகொண்டு முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கு ஓய்வூதியம், நாமினேஷன் தாள்களை எழுதிக் கொடுக்கிறேன். சட்டத்தைப் பற்றிச் சொல்வது, பணியில் எங்களுக்கு வகுப்பெடுத்ததும் பிறகு நானாகத் தேடிப் படித்ததும். வழக்கறிஞர் சொல்லும் சொல்லாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தி. அது பொய். ஸ்குவாட்ரன் லீடர் ஷிவாங்கி சிங் பிடிபட்டதாகத்தான் அப்போது பரப்பினார்கள். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அப்போதே மறுத்தது. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று குடியரசுத் தலைவர் அம்பாலாவில் ரஃபேல் விமானத்தில் பறந்தபோது, ஷிவாங்கி சிங் அவர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். போர் நேரத்தில் இப்படிச் செய்திகள் எந்தப் பக்கமிருந்தும் வரும். உண்மையில் ஒருவர் பிடிபட்டால் வீட்டுக்கு அந்தச் செய்தி படைப்பிரிவு வழியாக வரும். வாட்ஸ்அப்பில் வருவதை வைத்து மகளிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள்.

இனி, ஒரு விமானி எப்படிப் பிடிபடுகிறார் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தரைப்படை பழக்கம். பேரையூர், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டி ஊர்களில் தெருவுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருந்திருப்பார். விமானியின் நிலைமை வேறு. தரைப்படை வீரர் பிடிபடும்போது பெரும்பாலும் பக்கத்தில் நாலு பேர் இருப்பார்கள். விமானி தனியாக, அதுவும் எதிரி மண்ணுக்கு நடுவில் போய் விழுவார். இருக்கைக்குக் கீழே உள்ள ராக்கெட் அவரைத் தூக்கி எறியும் அந்தக் கண நேரத்தில், உடல் எடையைப் போலப் பதினைந்து இருபது மடங்கு பாரம் முதுகெலும்பில் இறங்கும். அதனால்தான் எஜெக்ட் செய்தவர்களில் பலருக்கு முதுகெலும்பு முள்ளெலும்பு நசுங்குகிறது. சினிமாவில் காட்டுவதுபோலக் குதித்து ஓட முடியாது. பலருக்கு எழுந்து உட்காரவே முடியாது.

பாராசூட்டை நீளமான மேசையில் விரித்து, கயிறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, சிக்கல் இல்லை என்று கையால் தடவிப் பார்த்து, மடிப்பு மாறாமல் பைக்குள் அடக்குவோம். மடித்தவர் ஒரு கையெழுத்து, மேற்பார்வை பார்த்தவர் ஒரு கையெழுத்து. கையெழுத்துப் போட்டவர் பெயர் அந்தப் பாராசூட்டின் அட்டையில் அடுத்த மடிப்புவரை இருக்கும். சர்வைவல் பேக் விமானியின் இருக்கையோடு சேர்ந்தது. பாராசூட் விரிந்ததும் அது ஒரு கயிற்றில் அவருக்குக் கீழே தொங்கும். அதில் தண்ணீர், முதலுதவிப் பொருள், திசைகாட்டி, கத்தி, சூரிய ஒளியைத் திருப்பிக் காட்டும் சிறு கண்ணாடி, புகை எழுப்பும் சிக்னல் குழல், ரேடியோ எல்லாம் இருக்கும். ஓர் ஆளை ஓரிரு நாள் உயிரோடு வைத்திருக்க இவை போதும். ஒரு கூட்டத்திடமிருந்து காப்பாற்ற எதுவும் அதில் கிடையாது.

அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பிடிபட்ட விமானிக்கு மிகப் பெரிய ஆபத்து சிறையில் இல்லை, இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு முன் குண்டு போட்ட ஊரின் மக்களுக்கு நடுவில்தான் அவர் இறங்குகிறார். 2019 பிப்ரவரி 27 அன்று விங் கமாண்டர் அபிநந்தன் வர்தமான் மிக்-21 பைசனிலிருந்து எஜெக்ட் செய்து எல்லைக்கு அப்பால் ஹோரான் என்ற கிராமத்தில் இறங்கினார். இது இந்தியாவா என்று கேட்டிருக்கிறார். சூழ்ந்தவர்கள் கல்லெடுத்ததும் வானத்தை நோக்கிச் சுட்டுவிட்டு ஒரு குட்டையை நோக்கி ஓடி, கையிலிருந்த தாள்களில் சிலவற்றை விழுங்கி, மற்றவற்றைத் தண்ணீரில் நனைத்துவிட முயன்றார் என்று அந்த ஊர்க்காரர்களே பத்திரிகைகளிடம் சொன்னார்கள். அடித்தது அந்தக் கூட்டம். கூட்டத்திடமிருந்து பிடுங்கிக் காப்பாற்றியது பாகிஸ்தான் ராணுவம். இது இரு பக்கத்துக்கும் பொது. 1971 நவம்பர் 22 அன்று வங்காள எல்லையில் போய்ராவில் நடந்த வான்சண்டையில் வீழ்த்தப்பட்ட பாகிஸ்தான் விமானி பர்வேஸ் மெஹ்தி குரேஷி நம் பக்கம் இறங்கியபோது நம் ஜவான்கள் அவரை அடிக்கத் தொடங்கினார்கள். தடுத்து நிறுத்தியவர் அங்கிருந்த இளம் கேப்டன் எச்.எஸ். பனாக். பின்னாளில் லெப்டினன்ட் ஜெனரலான அவரே இதை எழுதியிருக்கிறார். ஆகவே "அடிப்பார்களா" என்ற கேள்விக்கு என் பதில்: முதல் மணி நேரத்தில் அடி விழ நிறைய வாய்ப்பு உண்டு. சீருடை போட்ட ஒரு பொறுப்பான ஆள் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறார் என்பதில் உயிர் இருக்கிறது.

1971 டிசம்பர் 5 அன்று சிந்துப் பாலைவனத்தில் விழுந்த ஃப்ளைட் லெப்டினன்ட் ஜே.எல். பார்கவா இன்னொரு வழி பார்த்தார். தன்னைப் பாகிஸ்தான் விமானி மன்சூர் அலி என்று சொல்லிக்கொண்டு முதுகு வலியோடு நடந்தார், ஊர்க்காரர்களிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கிட்டத்தட்ட அரை நாள் அந்தப் பெயர் தாங்கியது. சந்தேகப்பட்ட ஒருவர் இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியான கலிமாவைச் சொல்லச் சொன்னதும் பிடிபட்டார்.

சிறைக்குள் போன பிறகு நடக்க வேண்டியது என்ன என்பது சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. 1949-ம் ஆண்டின் மூன்றாம் ஜெனிவா உடன்படிக்கையில் இந்தியாவும் பாகிஸ்தானும் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்டுள்ளன. அதன்படி போர்க்கைதி குற்றவாளி அல்ல. தன் நாட்டுக்காகச் சண்டை போட்டதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. பெயர், பதவி, பிறந்த தேதி, பணி எண் ஆகிய நான்கைத் தவிர எதையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவமானப்படுத்தக் கூடாது, வேடிக்கைப் பொருளாகக் காட்டக் கூடாது. முகாமுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் தன் குடும்பத்துக்கும் ஜெனிவாவில் உள்ள செஞ்சிலுவை மையத்துக்கும் தகவல் அட்டை எழுதி அனுப்ப அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும். மாதம் குறைந்தது இரண்டு கடிதமும் நான்கு அட்டையும் எழுத விட வேண்டும். மேஜருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரிக்கு மாதம் 50 சுவிஸ் ஃபிராங்க் மதிப்பில் கைச்செலவுப் பணமும் உண்டு. பெண் கைதிக்குத் தனி உறங்கும் இடமும் தனிக் கழிப்பிடமும் தர வேண்டும், எந்த வகையிலும் ஆண் கைதியைவிடக் குறைவாக நடத்தக் கூடாது. சண்டை ஓய்ந்ததும் தாமதிக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும்.

இவ்வளவும் எழுதி வைத்திருப்பது. நடப்பது ஒவ்வொரு முறையும் இதே மாதிரி இருக்காது. அபிநந்தனின் ரத்தம் வழியும் முகத்தைப் படம் பிடித்து உலகமெல்லாம் காட்டினார்கள். நம் வெளியுறவு அமைச்சகம் அதை ஜெனிவா உடன்படிக்கைக்கு எதிரானது என்று கண்டித்தது. கார்கில் போரின்போது 1999 மே 27 அன்று மிக்-27 இன்ஜின் அணைந்து விழுந்த ஃப்ளைட் லெப்டினன்ட் நச்சிகேதாவைப் பிடித்த ராணுவத்தினர் முதலில் கடுமையாக அடித்தார்கள். பிறகு வந்த ஒரு மூத்த அதிகாரிதான் அதை நிறுத்தினார் என்று நச்சிகேதாவே சொல்லியிருக்கிறார். 1971 கைதிகளும் ஆரம்ப நாட்களில் தனித்தனி அறைகளில், விசாரணைக்கு மேல் விசாரணை என்றுதான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் அடைபட்டிருந்த ராவல்பிண்டி முகாமுக்குப் பொறுப்பாக இருந்த ஸ்குவாட்ரன் லீடர் உஸ்மான் ஹமீது கண்ணியமானவர் என்பதை அங்கிருந்து திரும்பியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கேக் வாங்கி வந்து, தனித்தனியாக அடைபட்டிருந்த கைதிகளை ஓர் அறையில் ஒன்றாக உட்கார வைத்தவர் அவர். சட்டத்தை உயிரோடு வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்டவர்கள்தான். யார் கையில் மாட்டுகிறோம் என்பது கைதியின் கையில் இல்லை.

அந்த ராவல்பிண்டி முகாமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. போர்க்கைதியாக இருப்பது சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைப்பவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃப்ளைட் லெப்டினன்ட் திலீப் பருல்கர் 1965 போரிலேயே கையில் குண்டடி பட்டும் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்தவர். எப்போதாவது பிடிபட்டால் தப்பி வருவேன் என்று நண்பர்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார். 1971 டிசம்பர் 10 அன்று அவருடைய சுகோய்-7 வீழ்த்தப்பட்டது. அந்த முகாமில் இருந்த நம் விமானிகள் 12 பேர். போர் முடிந்து மாதங்கள் ஓடியும் விடுதலை வரவில்லை. பருல்கர், மல்விந்தர் சிங் கரேவால், ஹரிஷ் சிங்ஜி மூவரும் கிளம்ப முடிவு செய்தார்கள். மற்றவர்கள் பின்னணி வேலை பார்த்தார்கள்.

கைச்செலவுப் பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள். கண்டென்ஸ்டு மில்க்கும் உலர்ந்த பழமும் பதுக்கினார்கள். பள்ளிக்கூட அட்லஸிலிருந்து வரைபடம், தையல் ஊசியைக் காந்தமாக்கித் திசைகாட்டி, உள்ளூர்க்காரர் போலத் தெரியப் பட்டாணியர் அணியும் உடுப்பு. தண்ணீர் கொண்டுபோக வழி தேடியபோது அவர்களுக்குக் கைகொடுத்தது ஜி-சூட். வேகமாகத் திரும்பும்போது ரத்தம் காலுக்கு இறங்காமலிருக்க அந்த உடையில் காற்று ஏறும் ரப்பர் பைகள் இருக்கும். அதை வெட்டி எடுத்துத் தண்ணீர்ப் பையாக்கிவிட்டார்கள். ஜி-சூட்டை வாழ்நாள் முழுக்கச் சோதித்துக் கொடுத்தவன் என்பதால் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும். அந்த ரப்பரில் ஓர் ஓட்டை இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்த எவனோ ஒரு ஏர்மேனும் அந்தத் தப்பித்தலில் பங்காளி.

கட்டிலுக்குப் பின்னால் சுவரைச் சுரண்டிச் சுரண்டி ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கல் எடுத்தார்கள். 1972 ஆகஸ்ட் 12 நள்ளிரவு தாண்டிய நேரம், புயல்காற்று வீசியபோது மூவரும் வெளியேறினார்கள். பஸ் பிடித்துப் பெஷாவர் போய், அங்கிருந்து கைபர் கணவாய் வழியாக லண்டி கோட்டல் வரை வந்துவிட்டார்கள். ஆப்கன் எல்லை அங்கிருந்து சில மைல்தான். பழைய வரைபடத்தை நம்பி, லண்டி கானாவுக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். லண்டி கானா ரயில் நிலையம் 1932-லேயே மூடப்பட்டது. யாரும் போகாத ஊருக்கு வழி கேட்கும் மூன்று பேரைப் பார்த்ததும் தாசில் அலுவலக எழுத்தர் ஒருவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பழங்குடிப் பகுதி அது, உளவாளி என்று நினைத்தால் அங்கேயே கதை முடிந்திருக்கும். தாங்கள் பாகிஸ்தான் விமானப் படையினர் என்று சொல்லி, உஸ்மான் ஹமீதிடம் பேச வேண்டும் என்று பருல்கர் கேட்டார். ஹமீது அப்போது பாகிஸ்தான் விமானப் படைத் தளபதியின் உதவி அதிகாரி. போனில் அவருக்கு நொடியில் விளங்கிவிட்டது. இவர்கள் என் ஆட்கள், ஒன்றும் செய்யாமல் பத்திரமாக வையுங்கள் என்று சொல்லி மூன்று உயிரைக் காப்பாற்றினார்.

திரும்பப் பிடித்த பிறகு கிடைத்தது 30 நாள் தனிமைச் சிறை. அந்த 30 நாள் என்பதும் ஜெனிவா உடன்படிக்கையில் இருப்பதுதான். தப்பிக்க முயன்ற போர்க்கைதிக்கு ஒழுங்கு நடவடிக்கை மட்டுமே உண்டு, அதற்கு உச்ச வரம்பு 30 நாள். தப்பிக்க முயல்வதை வெறும் ஒழுங்கு மீறலாகத்தான் அந்த உடன்படிக்கை பார்க்கிறது. நம் விமானப் படைச் சட்டமோ பணிக்குத் திரும்புவதைக் கடமையாகவே பார்க்கிறது. கைதியான பின், பணிக்குத் திரும்ப முடிந்தும் திரும்பாமல் இருப்பது அதில் குற்றம். அதாவது பிடிபட்ட அன்றோடு வேலை முடிவதில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது, உடன் இருப்பவரின் மனதைத் தாங்கிப் பிடிப்பது, வழி கிடைத்தால் கிளம்புவது, கிடைக்காவிட்டால் உடம்பைக் காப்பாற்றிக்கொள்வது, எல்லாம் பணிதான். சம்பளமும் சீனியாரிட்டியும் நிற்பதில்லை.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அபிநந்தன் மூன்றாம் நாள், 2019 மார்ச் 1 இரவு, வாகா வழியாக வந்துவிட்டார். நச்சிகேதா எட்டு நாளில் செஞ்சிலுவைச் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டார். 1965 போரின் கடைசிக் கட்டத்தில், செப்டம்பர் 22 அன்று ஹண்டர் விமானத்தோடு விழுந்த கே.சி. கரியப்பா நான்கு மாதம் கழித்து வந்தார். 1971 விமானிகள் 1972 டிசம்பர் 1 வரை, ஏறக்குறைய ஓர் ஆண்டு உள்ளே இருந்தார்கள். ஏன் இந்த வித்தியாசம்? மூன்று நாளும் எட்டு நாளும் ஆனவை, உலக நாடுகள் இரு பக்கமும் அழுத்தம் கொடுத்த, முழுப் போராக மாறாத மோதல்கள். 1971 முழுப் போர். பாகிஸ்தான் தரப்பில் 93,000 பேர் நம்மிடம் இருந்தார்கள். அவர்கள் விவகாரமும் வங்கதேசத்தை ஏற்பதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்ததில் சட்டம் சொன்ன "தாமதிக்காமல்" என்ற சொல் காற்றில் போனது. சட்டம் கைதியை நடத்தும் முறையைத்தான் ஓரளவு காக்கிறது. திரும்பும் தேதியை அரசியல் தீர்மானிக்கிறது. அபிநந்தனை மட்டும் பார்த்து மூன்று நாளில் விட்டுவிடுவார்கள் என்று உங்களுக்கு யாராவது ஆறுதல் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம்.

வராமலே போனவர்களையும் மறைக்கக் கூடாது. 1971-ல் காணாமல் போனவர்கள் என்று 54 பேர் பட்டியல் ஒன்று உண்டு. விமானிகள் பலர் அதில் இருக்கிறார்கள். 1979-ல் நாடாளுமன்றத்திலேயே பெயர்கள் வைக்கப்பட்டன. 2007-ல் குடும்பத்தார் பாகிஸ்தான் சிறைகளுக்கு நேரில் போய்ப் பார்த்தும் யாரும் கிடைக்கவில்லை. அப்படி யாரும் தங்களிடம் இல்லை என்று பாகிஸ்தான் தொடர்ந்து மறுக்கிறது. ஃப்ளைட் லெப்டினன்ட் விஜய் வசந்த் தாம்பேயின் மனைவி தமயந்தி, தேசிய பாட்மின்டன் சாம்பியன். திருமணமாகி இரண்டு ஆண்டுகூட ஆகாத நேரத்தில் கணவர் போனார். அவர் எழுதாத கடிதம் இல்லை, தட்டாத கதவு இல்லை. பிடிபட்டதாக அறிவிக்கப்பட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டவர்கள் நிலைமை வேறு, விமானம் விழுந்தது மட்டும் தெரிந்து மற்றது எதுவும் தெரியாமல் போனவர்கள் நிலைமை வேறு. முதல் வகையினர் திரும்பி வந்திருக்கிறார்கள். அந்தத் தகவல் அட்டை ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இப்போது விளங்கும்.

உங்கள் மகள் பெண் என்பதால் வரும் பயத்தை நீங்கள் வெளிப்படையாக எழுதவில்லை. ஆனாலும் இருக்கிறது என்று தெரியும். இந்தியப் பெண் விமானி எவரும் இன்றுவரை எதிரியிடம் பிடிபட்டதில்லை. வெளிநாட்டில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க ராணுவ மருத்துவர் ரோண்டா கார்னம் போன ஹெலிகாப்டரை ஈராக்கியர் வீழ்த்தினார்கள். இரண்டு கையும் முறிந்த நிலையில் பிடிபட்டார். கொண்டுபோகும் வழியில் காவலர் ஒருவர் அவரிடம் பாலியல் அத்துமீறல் செய்தார். எட்டு நாளில் விடுவிக்கப்பட்டார். அதை அவர் ஒளிக்கவில்லை, வெளியில் சொன்னார். போரில் தனக்கு நேர்ந்த பல காயங்களில் அதுவும் ஒன்று, அதுவே தன்னைத் தீர்மானிக்க விடமாட்டேன் என்ற நிலையில் நின்றார். பணியில் தொடர்ந்து பிரிகேடியர் ஜெனரல் ஆனார். இது நடக்காது என்று உங்களுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. நடந்தால் அந்தப் பெண்ணோடு எல்லாம் முடிந்தது என்று நாம் பேசுவதைத்தான் நிறுத்த முடியும், அது நம் கையில் இருக்கிறது.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். சிறைப்பட்டவன் மானம் போனவன் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியது. சோழன் செங்கணானிடம் பிடிபட்டுக் குடவாயிற் கோட்டத்தில் கிடந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் தாமதமாக வந்ததற்காகக் குடிக்காமலே உயிரை விட்டான் என்று புறநானூறு சொல்கிறது. பள்ளியில் அதைப் பெருமையோடு படித்தோம். ஆனால் இன்றைய படை அந்த அளவுகோலை வைத்திருக்கவில்லை. தண்ணீரைக் குடித்து, உடம்பைக் காப்பாற்றி, சொல்லக் கூடாததைச் சொல்லாமல் திரும்பி வா என்றுதான் அது கேட்கிறது.

திரும்பி வந்தவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். வந்ததும் மருத்துவப் பரிசோதனை, பிறகு உள்ளே நடந்தது என்ன என்று நீண்ட விசாரிப்பு. அது சந்தேகத்தால் நடப்பதல்ல, எல்லோருக்கும் பொதுவான நடைமுறை. எதிரி என்ன கேட்டான் என்பதில் அவனுக்கு என்ன தெரியும் என்பது அடங்கியிருக்கிறது. மறுபடி பறக்கலாமா என்பதைப் பெங்களூரில் உள்ள விமானப் படையின் வான், விண்வெளி மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் முதுகெலும்பையும் மனநிலையையும் பார்த்து முடிவு செய்வார்கள். அபிநந்தன் அதே 2019 ஆகஸ்டில் காக்பிட்டுக்குத் திரும்பினார். செப்டம்பரில் அன்றைய விமானப் படைத் தளபதி தனோவாவே அவரோடு மிக்-21-ல் பறந்தார். வீர் சக்ரா கிடைத்தது, குரூப் கேப்டன் ஆனார். நச்சிகேதாவுக்கு முதுகுக் காயத்தால் போர் விமானம் ஓட்ட முடியாமல் போனது. சரக்கு விமானத்துக்கு மாறி ஐ.எல்.-76 ஓட்டினார், அவரும் குரூப் கேப்டனாகவே ஓய்வு பெற்றார். பருல்கருக்கு விசிஷ்ட சேவா பதக்கம். பார்கவா ஏர் கமடோர். கரியப்பா ஏர் மார்ஷல்.

அந்தப் பக்கத்திலும் இதேதான். போய்ராவில் நம் ஜவான்கள் அடித்த அந்தப் பர்வேஸ் மெஹ்தி குரேஷி 1997-ல் பாகிஸ்தான் விமானப் படையின் தலைமைத் தளபதி ஆனார். அன்று வானில் அவர்களை எதிர்த்த நம் 'நாட்' (Gnat) ரகப் போர் விமானங்களின் விமானிகளில் ஒருவரான டொனால்ட் லாசரஸ் அவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுத, பதிலும் வந்தது. நச்சிகேதா பிடிபட்டபோது எதிரியின் விமானப் படைக்குத் தலைவராக இருந்தவர், நம்மிடம் கைதியாக இருந்து போனவர்.

வீட்டார் பங்கு என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். கரியப்பா பிடிபட்டபோது அவர் தந்தை, ஓய்வு பெற்ற தளபதி கே.எம். கரியப்பா. பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் பிரிவினைக்கு முன் அவருக்குக் கீழ் பணிபுரிந்தவர். மகனைத் தனியாகக் கவனிக்கிறேன் என்று அவர் சொல்லியனுப்ப, எல்லாக் கைதிகளும் என் மகன்களே, என் மகனுக்கென்று சலுகை வேண்டாம் என்று தந்தை மறுத்தார் என்பது அந்தக் குடும்பமே சொல்லும் வரலாறு. வார்த்தைகள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறினாலும் அவர் மறுத்தது உறுதி. எல்லோருக்கும் அந்த மனத்திடம் வராது, வர வேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் வாயைக் காப்பது எந்தக் குடும்பத்தாலும் முடியும். 2019-ல் கேமரா முன் நிறுத்தி எந்த ஊர் என்று கேட்டபோது அபிநந்தன் தெற்கு என்பதற்கு மேல் சொல்லவில்லை. என்ன விமானம், என்ன பணி என்று கேட்டதற்கு, அதைச் சொல்லக் கூடாது என்றார். அதே மணி நேரங்களில் நம் தொலைக்காட்சிகள் அவர் தந்தை யார், பூர்வீகம் திருப்பணமூர், வீடு எங்கே, மனைவி யார் என்று வரிசையாக ஒளிபரப்பின. அவர் அடி வாங்கிக்கொண்டு காத்ததை நாம் இங்கே உட்கார்ந்து அவிழ்த்துக் கொட்டினோம். அது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

ஆகவே மகள் சேர்ந்தால், அவளுடைய யூனிட், விமானம், தளம் எதுவும் குடும்ப வாட்ஸ்அப்பில் வரக் கூடாது. சீருடைப் படத்தைப் பெருமையாகப் பகிரும்போது பின்னால் நிற்கும் விமானமும் சேர்ந்துதான் போகிறது. நெருங்கிய உறவினர் பதிவிலும் நாமினேஷனிலும் உங்கள் பெயர், முகவரி, போன் எண் ஆதாரில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருக்கட்டும், எண் மாறினால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். என்னிடம் வரும் தாள்களில் பாதிச் சிக்கல் எழுத்துப் பிழையால்தான். மதுரையில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. பணியில் இருப்பவர் குடும்பத்துக்கும் அங்கே வழி சொல்வார்கள், தயங்காமல் போகலாம்.

அனுப்பலாமா என்பதை நான் சொல்ல முடியாது. 2025 மே மாதம் என்.டி.ஏ.விலிருந்து 17 பெண்கள் அடங்கிய முதல் பெண் அணி பயிற்சி முடித்து வெளியே வந்தது. பாதை திறந்திருக்கிறது, அவ்வளவே. கையெழுத்துப் போடும் முன் மேலே சொன்னதில் கார்னம் பற்றியதையும் தாம்பே பற்றியதையும் மகளையே வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்த பிறகும் அவள் அதே பதிலைச் சொன்னால், தெரியாமல் ஆசைப்படுகிறாள் என்ற பயமாவது உங்களுக்குப் போகும். கணக்கிலும் இயற்பியலிலும் அவள் எப்படி என்று எழுதவில்லையே. எழுத்துத் தேர்வில் பாதிப் பேர் விழுவது அங்கேதான், மிச்சத்தை அதற்குப் பிறகு பேசலாம்.